எஃப் கார்ட் வரவே மாட்டேன் என்கிறது. குட்டை விரல்தான் காரணமா?

ஊசிநூல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மூன்று மாதமாகக் கிட்டார் பழகுகிறேன். தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்ற கிட்டார் அது. நான்கு வருடம் பீரோ மேல் உறையோடு கிடந்தது. ஆயுத பூஜைக்கு வீடு துடைக்கும்போது இறக்கினேன். சரி, இதையும் வைப்போம் என்று மெஷின் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பொட்டு வைத்தேன். மறுநாள் விஜயதசமி. அன்றைக்கே தொடங்கிவிட்டேன்.

தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை உட்காருவேன். ஈ மைனர், ஏ மைனர், சி, டி, ஜி என்று ஐந்து கார்டுகளும், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடிகள், வந்துவிட்டன. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரல் ஒன்று நகர்ந்தால் போதும், மற்ற இரண்டும் வைத்த இடத்திலேயே இருக்கலாம் என்று நானாகக் கண்டுபிடித்த அன்று, பிளவுஸ் வெட்டிக்கொண்டிருக்கும்போதுகூட இடது கை அந்தப் பிடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எஃப் கார்டில்தான் ஆறு வாரமாக நிற்கிறேன். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து எவ்வளவு அழுத்தினாலும் முதல் இரண்டு கம்பிகள் ஊமையாக 'டொக்' என்கின்றன. விரலை எடுத்தால் ஆறு கோடுகள் பதிந்திருக்கும். அடுத்த துணியைத் தைத்து முடிக்கும் வரை அவை மறைவதில்லை.

ஆன்லைனில் பாடம் சொல்லித்தந்தவர் கேமராவில் என் கையைப் பார்த்துவிட்டு, விரல் குட்டை, இந்த வயதில் இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், கிட்டார் மாதிரியே சின்னதாக நான்கு கம்பியோடு இருக்கும் யுகுலேலே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கிட்டாரைத் தொடவே மனசு வரவில்லை. இருபது வருடமாகக் கையால் காஜா எடுத்த விரல்கள் இவை. நுணுக்கமான வேலை இவற்றுக்குப் புதிதில்லை. விரல் நீளம் உண்மையிலேயே தடையா, இல்லை நான் பிடிப்பதில் தவறு இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்கரைச்சாலை எழுதியது:

தங்கச்சி, நான் தூத்துக்குடி. கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். என் விரலும் குட்டைதான். அந்தப் பேச்சை மறந்துவிடுங்கள். ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்று பிரான்சில் ஒருவர் இருந்தார். 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களால்தான் தனி வாசிப்பெல்லாம் வாசித்தார். இன்றைக்கும் ஜாஸ் கிட்டார் என்றால் அவர் பெயரைச் சொல்லாமல் யாரும் தொடங்குவதில்லை.

பிடிப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எஃப் பிடிக்கும்போது ஆறு கம்பியையும் ஆள்காட்டி விரலே அழுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் பலத்தை வீணாக்குகிறார்கள். நன்றாகப் பாருங்கள், மெல்லிய கம்பியை ஒன்று என்று வைத்து எண்ணினால் மூன்று, நான்கு, ஐந்தாம் கம்பிகளை மற்ற விரல்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலுக்கு மிஞ்சுவது ஒன்று, இரண்டு, ஆறு. நடுவில் விரல் கொஞ்சம் வளைந்திருந்தாலும் பரவாயில்லை. விரலின் உள்பக்கச் சதையில் அழுத்தாமல், கட்டை விரல் பக்கமாகச் சற்றே உருட்டி எலும்பு தெரியும் ஓரத்தால் அழுத்துங்கள். கட்டை விரலால் நெரிக்காதீர்கள், முழங்கை கீழே தொங்கும் கனமே விரலைப் பின்னால் இழுக்கட்டும்.

மரத்தூள் எழுதியது:

அக்கா, நான் கோயம்புத்தூரில் கிட்டார் பழுது பார்க்கிறேன். அண்ணன் சொன்னது சரி. ஆனால் 'நான்கு வருடம் பீரோ மேல்' என்று படித்ததும் எனக்குக் கிட்டார் மேல்தான் சந்தேகம் வந்தது. கம்பியை முறுக்கிய நிலையிலேயே வைத்துவிட்டால் அத்தனை நாளும் அந்த இழுப்பு கழுத்தை வளைத்துக்கொண்டே இருக்கும். மழைக்கால ஈரத்தில் மேல்பலகை உப்பி, அதன் மேல் கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜையும் சேர்த்துத் தூக்கும். இரண்டும் சேர்ந்தால் கம்பி, விரல் வைக்கும் பலகையை விட்டு மேலே போய்விடும். அதைத்தான் நாங்கள் ஆக்‌ஷன் அதிகம் என்போம்.

மூன்று சோதனை செய்து பாருங்கள். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். முதலில் அதே எஃப் பிடியை அப்படியே ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்திப் பிடியுங்கள். அது ஏ மேஜர். அங்கே ஒலித்து முதல் ஃப்ரெட்டில் மட்டும் ஒலிக்கவில்லை என்றால் குற்றம் நட்டில் இருக்கிறது. தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டுதான் நட். அதன் பள்ளம் ஆழமாக இல்லாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்துவது மலையைத் தள்ளுவது மாதிரி. அப்புறம், ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழைந்தால் போதும். கடைசியாகப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஃப்ரெட்டின் தலையிலிருந்து தடித்த கம்பியின் அடிப்பக்கம் வரை அளந்து சொல்லுங்கள். இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருக்க வேண்டும்.

பழுது பார்க்கும் வரை ஒரு வழி உண்டு. ஆறு கம்பியையும் ஒரு முழு டோன், அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு, இறக்கி டியூன் செய்து, எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேபோவை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டுங்கள். சத்தம் பழைய சுருதியிலேயே வரும், ஆனால் கம்பியின் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறைந்திருக்கும். கேபோ மாட்டியதால் நட்டின் தொல்லையும் இல்லை. மெஷினில் நூல் டென்ஷனைத் தளர்த்துவீர்களே, அது போலத்தான்.

ஏழுசுரம் எழுதியது:

நானும் இரண்டாம் மாதத்தில் இங்கேதான் நின்றேன் அக்கா. அதுவரைக்கும் நான்கு கம்பி எஃப் பிடியுங்கள். ஆறும் ஐந்தும் வேண்டாம். நான்காம் கம்பி மூன்றாம் ஃப்ரெட், மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், முதல் இரண்டு கம்பிகளும் முதல் ஃப்ரெட். சின்ன எஃப் என்பார்கள். பாட்டு நிற்காது.

ஊசிநூல் எழுதியது:

நேற்று ராத்திரி பதிலெல்லாம் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. காலையில் முதல் வேலையாக மூன்றையும் செய்தேன்.

ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டினேன். ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் எல்லாம் ஒலித்தது. கடைசிக் கம்பியும் ஒலித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆறு வாரமாக என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

செய்தித்தாள் துண்டை மூன்று முறை மடித்தேன். எட்டுத் தாள் கனம். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டில் நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, எதிலும் தட்டவில்லை. ஸ்கேலில் நான்கு மில்லிமீட்டர், கூடவே ஒரு மயிரிழை.

கேபோ வாங்கி வந்து மரத்தூள் தம்பி சொன்னபடியே மாட்டினேன். விரலை ஓரமாக உருட்டியும் பிடித்தேன். ஐந்து தடவையில் இரண்டு தடவை முழு எஃப் வருகிறது. நாலு கம்பி எஃப்பும் பழகுகிறேன், அது எளிதாகவே இருக்கிறது. அண்ணன் சொன்ன ஜாங்கோவின் வாசிப்பைத் தேடிக் கேட்டேன். காஜா எடுத்துக்கொண்டே திரும்பத் திரும்ப மூன்று முறை கேட்டேன்.

இங்கே பழுது பார்க்கும் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்? கம்பியும் துருப்பிடித்திருக்கிறது, எது வாங்கட்டும்?

மரத்தூள் எழுதியது:

நல்லது அக்கா. கிட்டாரைக் கொடுக்கும் முன் கம்பியை முடிவு செய்துவிடுங்கள், கனத்துக்கு ஏற்பத்தான் நட்டின் பள்ளத்தைத் தேய்க்க வேண்டும். மெல்லிய 10 செட் வாங்கிக்கொண்டு போங்கள், எண் கூடக் கூடக் கம்பி தடிக்கும். விரல் பலப்பட்ட பிறகு 11-க்குப் போனால் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தலாம். முதலிலேயே அகலமாக வெட்டிவிட்டால் மெல்லிய கம்பி உள்ளே ஆடும்.

அவரிடம் வரிசையாகச் செய்யச் சொல்லுங்கள். முதலில் பிரிட்ஜின் பின்பக்கம் தாள் நுழைகிறதா என்று பார்க்கட்டும். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது, அதை ஒட்டாமல் மற்றதைத் தொடக்கூடாது. பிறகு கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிக் கழுத்தை நேராக்கட்டும். அதன் பிறகு நட். பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய துண்டான சேடிலைக் கடைசியில் தேய்த்தால் போதும். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் போக வேண்டும். அடிப்பக்கத்தில்தான் தேய்க்க வேண்டும், ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சம் தேய்த்துக் கம்பி மாட்டி அளந்து பார்த்துத் தேய்க்கட்டும். நீங்கள் துணி வெட்டுவதும் அப்படித்தானே. திரும்பி வந்ததும் அதே ஸ்கேலை வைத்து அளந்து எழுதுங்கள்.