சட்ட இதழ்களோடு மல்லுக்கட்டிய கதைகள்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

பழைய எடிட்டர்:

சட்டக் கல்லூரி ஜர்னலில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பயோடேட்டாவில் ‘எடிட்டர்’ என்று போட்டுக்கொள்கிறோம். அந்தப் பதவியில் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் பாதிப் பேர் மழுப்புவார்கள். செய்த வேலையைச் சொன்னால் எடுபடாது என்ற பயம்தான். இன்னொருவர் எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் சொல்வது அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்குப் பெயர் சைட் செக், அதாவது மேற்கோள் சரிபார்ப்பு. என்னைக் கேட்டால் மாணவர் இதழ்களில் நடக்கும் உருப்படியான வேலை அது ஒன்றுதான். தலையங்கம் எழுதுவதும் வெளியீட்டு விழாவில் மேடை ஏறுவதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

எனக்கு இன்றும் நினைவில் நிற்கிற ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனியைச் சட்டம் எப்போது ஒரு ‘நபர்’ ஆக்கியது என்பது பற்றி அனுபவம் மிக்க பேராசிரியர் ஒருவரிடமிருந்து கட்டுரை வந்தது. அதில், 1886-இல் சான்டா கிளாரா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பு கம்பெனிகளுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்ததாக ஒரு வரி. எல்லாப் பாடப்புத்தகத்திலும் பார்த்த வரி என்பதால் நாங்கள் தாண்டிப் போயிருப்போம். குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு மாணவி மட்டும், “தீர்ப்பில் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

தேடினோம். தீர்ப்பு முழுக்க ரயில் பாதையோரத்து வேலிக்கு வரி மதிப்பிடும் அதிகாரம் யாருக்கு என்ற சண்டைதான். அதை வைத்தே வழக்கை முடித்துவிட்டார்கள். அரசியல் சட்டக் கேள்விக்குள் நீதிபதிகள் போகவே இல்லை. நாங்கள் தேடிய வாக்கியம் ஹெட்நோட்டில், அதாவது தீர்ப்புக்கு மேலே அச்சிடும் சுருக்கக் குறிப்பில் இருந்தது. வாதம் தொடங்கும் முன்பு தலைமை நீதிபதி வெயிட் வாய்மொழியாகச் சொன்னதாக, தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிட்ட பான்கிராஃப்ட் டேவிஸ் சேர்த்தது அது. ஹெட்நோட் தீர்ப்பின் பகுதி அல்ல என்பது முதலாம் ஆண்டுப் பாடம். அதே நீதிமன்றம் 1906-இல் வேறொரு வழக்கில் அதைச் சொல்லியும் இருக்கிறது. ஆனாலும் பின்னால் வந்த வழக்குகள் அந்த வாக்கியத்தைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டு ஓடின.

பேராசிரியருக்கு எழுதினோம். முதலில் வந்த பதில் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது. வருடக்கணக்காக வகுப்பில் சொல்லிவருவதைப் பிள்ளைகள் திருத்துவதா என்ற தொனி. சில நாள் கழித்து அவரே தீர்ப்பை எடுத்துப் படித்திருக்கிறார் போல. ஹெட்நோட்டில் இருந்த ஒரு வரி எப்படிச் சட்டமாக நிலைத்தது என்று அந்தப் பகுதியையே புதிதாக எழுதி அனுப்பினார். அந்த இதழிலேயே படிக்கத் தகுந்த பக்கங்கள் அவைதான். நன்றி சொல்லும் முதல் அடிக்குறிப்பில் அந்த மாணவியின் பெயரும் இருந்தது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். கட்டுரை அனுப்பி அடி வாங்கியவர்களும் எழுதுங்கள்.

நூலகத்தில் வேலை:

எடிட்டர் சார் சொன்னதைப் படித்ததும் ஒரு பையன் ஞாபகம் வந்தான். கையில் ஒரு பிரிண்ட் அவுட், முகத்தில் தூக்கமின்மை. ஓர் அரசுக் குழுவின் அறிக்கையைக் கட்டுரையாளர் மேற்கோள் காட்டியிருக்கிறார்; கொடுத்திருக்கிற இணைப்பைத் தட்டினால் பக்கம் இல்லை என்று வருகிறது. துறையின் தளத்தையே மாற்றிவிட்டார்கள். கட்டுரையாளரைக் கேட்டால் அவரிடமும் பிரதி இல்லை.

இது அந்தப் பையனுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்வர்ட் லா ரிவியூவிலும் வேறு சில சட்ட இதழ்களிலும் இருந்த இணைய முகவரிகளில் 70 சதவீதத்துக்கும் மேல், முதலில் சுட்டிய விஷயத்துக்கு இட்டுச் செல்லவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த முகவரிகளில் பாதி அப்படி. தீர்ப்பின் ஆதாரமே கரைந்து போகிறது என்றால் யோசித்துப் பாருங்கள். இதற்காகத்தான் அங்கே நூலகங்கள் சேர்ந்து பெர்மா என்ற சேவையைத் தொடங்கின. மேற்கோள் காட்டும் பக்கத்தை அன்றைய நிலையிலேயே பிரதி எடுத்து வைத்து, அதற்கு மாறாத முகவரி தருவார்கள்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்றால், எங்களிடம் பைண்டு செய்து வைத்திருந்த அறிக்கைகளில் அது இருந்தது. கட்டுரையில் சொன்ன பக்க எண் தப்பு. பத்தி எண் சரி. எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து மதியம் வரை அறிக்கை முழுவதையும் படித்தான். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பத்திதான்.

ஒரு வேண்டுகோள்: கட்டுரை எழுதுகிறவர்களே, இணைப்பை ஒட்டும் அன்றே பிடிஎஃப் ஆக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்வெழுத்து எதிரி:

நீங்கள் சொல்கிற சைட் செக் நல்ல சைட் செக். எங்கள் குழுவில் நடந்தது வேறு. வழக்கின் பெயர் சாய்வெழுத்தில் இருக்கிறதா, காற்புள்ளியும் சாய்ந்திருக்கிறதா, ‘மேலே சொன்ன அதே நூல்’ என்பதற்குப் போடும் ‘ஐபிட்’ பெரிய எழுத்தில் தொடங்கியதா. இதற்கே ராத்திரி போய்விடும். தீர்ப்பைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்காது.

இதற்கெல்லாம் மூலமான ப்ளூபுக், அமெரிக்கச் சட்ட இதழ்களின் மேற்கோள் விதிநூல், 1926-இல் வந்தபோது 26 பக்கக் கையேடு. 2015-இல் வந்த பதிப்பு 500 பக்கத்தைத் தாண்டிவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெறுத்துப் போய் மெரூன்புக் என்று தங்களுக்கென ஒன்று போட்டுக்கொண்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் மேற்கோள் கையேடான ஆஸ்கோலா புள்ளிகளை எல்லாம் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது. இதில் வேடிக்கை, ப்ளூபுக் ஹார்வர்டில் பிறந்தது என்றுதான் ரொம்பக் காலம் எல்லோரும் எழுதிவந்தார்கள். யேல் சட்ட நூலகத்தைச் சேர்ந்த இருவர் பழைய கையேடுகளைத் தோண்டி, அதன் வேர் யேலில் இருக்கிறது என்று 2016-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மேற்கோள் நூலின் சொந்தக் கதைக்கே யாரும் சைட் செக் செய்யவில்லை!

கோர்ட்டுக்குப் போகிறவர்:

நான் எதிர்ப்பக்கம். கட்டுரை அனுப்பியவன்.

வக்கீல் தொழிலில் இருந்துகொண்டு ஒரு தீர்ப்பைப் பற்றிக் கேஸ் கமென்ட் எழுதி மாணவர் இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். வந்த குறிப்புகள் கட்டுரையைவிட நீளம். “இந்த வாதம் நீங்கள் வாதாடிய வழக்கில் உங்கள் கட்சிக்காரர் தரப்பு வாதம் போலத் தெரிகிறது, அப்படியானால் வெளிப்படுத்துங்கள்” என்று ஒரு வரி. சுருக்கென்று தைத்தது. ஆனால் கேள்வி நியாயமானது. கோர்ட்டில் எனக்குச் சாதகமானதைச் சொன்னால் போதும், எதிர்ப்பக்கம் இருப்பவர் மிச்சத்தைச் சொல்லிவிடுவார். கட்டுரையில் எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. அந்த இடத்தில் மாணவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று சீனியர்கள் கேட்பார்கள். அமெரிக்கத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 2011-இல் ஒரு மாநாட்டில், எந்த லா ரிவியூவை எடுத்தாலும் முதல் கட்டுரை 18-ஆம் நூற்றாண்டு பல்கேரியாவின் சாட்சியச் சட்டத்தில் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட்டின் தாக்கம் பற்றித்தான் இருக்கும் என்ற ரீதியில் கிண்டல் செய்தார். 2015-இல் ஓரின் கெர் என்ற பேராசிரியர் அதே தலைப்பில் உண்மையாகவே ஒரு சின்னக் கட்டுரை எழுதி, தாக்கம் அநேகமாக எதுவும் இல்லை என்று முடித்தார். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும்.

நம் ஊர்க் கோர்ட்டுகளில் நடந்ததைப் பாருங்கள். 1965-இல் டீட்ரிச் கான்ராட் என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில், அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளுறையான வரம்புகள் உண்டா என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அது வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் கைக்குக் கிடைத்தது. 1967-இல் கோலக்நாத் வழக்கில் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். அன்று நீதிமன்றம் அதைத் தீர்மானிக்காமல் விட்டுவிட்டது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7-க்கு 6 என்ற கணக்கில் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தத்தால்கூடத் தொட முடியாது என்று சொன்னபோது, நீதிபதி கன்னா தம் தீர்ப்பில் கான்ராட்டை மேற்கோள் காட்டினார். வகுப்பறையில் நடந்த ஒரு பேச்சு அது.

இன்னொன்றும் உண்டு. மதுரா வழக்கில், காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிப் பெண்ணை வன்புணர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் என்று நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். தீர்ப்பு மாறவில்லை. நாடு முழுக்கப் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. 1983-இல் வன்புணர்வு பற்றிய சட்டம் திருத்தப்பட்டது. தீர்ப்பை விமர்சித்து எழுதுவது எப்படி என்று ஜூனியர்கள் கேட்டால் நான் அந்த மடலைத்தான் கையில் கொடுக்கிறேன். பணிவாக எழுதியிருப்பார்கள், ஒரு வரிகூடக் குழையாது.

பெயர் வேண்டாம்:

சின்னதாக ஒன்று. முதல் கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் ஏற்றுக்கொண்டதாக மெயில். ‘இருவர் மதிப்பிட்டார்கள், மிகச் சிறப்பு’ என்று எழுதியிருந்தார்கள். கூடவே கட்டணம் எவ்வளவு, எந்தக் கணக்கில் போடவேண்டும் என்ற விவரம். நான் கேட்ட ஒரே கேள்வி, மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளை அனுப்ப முடியுமா என்பது. பதில் வரவில்லை, கட்டணத்துக்கு நினைவூட்டல் மட்டும் தவறாமல் வந்தது. “ஐஎஸ்எஸ்என் இருக்கிறதே” என்று ஒரு நண்பர் வாதாடினார். அது இதழ்களுக்குத் தரும் எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வம்பே வேண்டாமென்று கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

செய்திமடல் கோஷ்டி:

எல்லோரும் ஜர்னலையே பேசுகிறீர்கள். கல்லூரிச் செய்திமடலை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. ஹார்வர்ட் சட்டப் பள்ளி மாணவர்கள் 1946 முதல் தங்களுக்கென ஒரு செய்தித்தாள் நடத்துகிறார்கள். நுகர்வோர் உரிமைக்காகப் பின்னாளில் கார் கம்பெனிகளை உலுக்கிய ரால்ஃப் நேடர் மாணவராக இருந்தபோது அதன் ஆசிரியராக இருந்தவர்.

எங்கள் மடலில் வருகைப்பதிவு விதிகளைப் பற்றி எழுதினோம். எத்தனை சதவீதம் வேண்டும், மருத்துவச் சான்று எப்போது செல்லும், மறுத்தால் யாரிடம் மேல்முறையீடு. விதிப்புத்தகத்தில் இருப்பதை ஒன்றுவிடாமல், எண்ணோடு. அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றார்கள். எந்த வரி தப்பு என்று கேட்டோம். ஒவ்வொரு வரியாக விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதுவும் சிக்கவில்லை. அடுத்த ஆண்டு அட்மிஷன் சமயத்தில் அந்தப் பக்கத்தையே நகல் எடுத்து முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்தது அதே அலுவலகம். எங்கள் பெயரை மட்டும் வெட்டிவிட்டார்கள். போகட்டும்.

எடிட்டர் சார் சொன்ன சைட் செக்தான் இங்கேயும் எங்களைக் காப்பாற்றியது.

புதுசு:

நான் இந்த வாரம்தான் குழுவில் சேர்ந்தேன். ஒரு கட்டுரையைக் கொடுத்துவிட்டார்கள், அடிக்குறிப்புகள் நூற்றுக்கு மேல். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

பழைய எடிட்டர்:

முதலில் வரிசையாகப் போகாதீர்கள். பக்க எண்ணோ பத்தி எண்ணோ இல்லாத மேற்கோள்களைத் தனியாக எடுங்கள்; ஆசிரியர் தீர்ப்பைத் திறக்காமல் எழுதிய இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்தது, இன்னொரு கட்டுரை வழியாக எடுத்த மேற்கோள்கள். மூலத்துக்கே போங்கள்.

அப்புறம், மேற்கோள் காட்டிய வரி பெரும்பான்மைத் தீர்ப்பா சிறுபான்மைத் தீர்ப்பா என்று பாருங்கள். கரக் சிங் வழக்கில் 1962-இல் நீதிபதி சுப்பா ராவ் தனியுரிமைக்கு ஆதரவாக எழுதியது சிறுபான்மைத் தீர்ப்பு; அதை அன்றைய சட்டம் என்று எழுதினால் தப்பு. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தப் பார்வையை ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறார் என்பதும் முக்கியம். மேற்கோள் காட்டிய தீர்ப்பு பின்னால் மாற்றப்பட்டதா என்று பார்ப்பதையும் இதோடு முடித்துவிடுங்கள். கண்டுபிடிக்க முடியாததை நீங்களாக நிரப்பாதீர்கள். ஆசிரியருக்கு ஒரு கேள்வியாக எழுதி வையுங்கள். சாய்வெழுத்து கடைசியில்.