பிரீமியம் கட்டாத பாலிசிக்கு க்ளெய்ம் கிடைக்குமா?

வணக்கம். காப்பீட்டு விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

போன மாதம் என் சித்தப்பா திடீரென்று தவறிவிட்டார். பீரோவைத் திறந்தால் இரண்டு ஆயுள் காப்பீட்டு பாலிசிகள். ரசீதுகளைத் தேதி வாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார் மனுஷன். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் ஒரு டிக்.

முதல் பாலிசியில் கடைசி வருடத் தவணை மட்டும் கட்டவில்லை. வங்கிக் கணக்கை மாற்றியதில், தானாகப் பணம் போவது நின்றுபோயிருக்கிறது. கெடு தேதி தாண்டி 19ஆம் நாள் இறந்தார். பத்திரத்தில் சலுகைக் காலம் 30 நாள் என்று இருக்கிறது. அதற்குள் இறந்தால், பாக்கித் தவணையைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைத் தர வேண்டும் என்றுதான் புரிந்துகொண்டிருக்கிறேன். ஆனால் கிளையில் ஒருவர் பத்திரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "காலாவதி ஆயிடுச்சு" என்று சித்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாய்வார்த்தைதான், எழுத்தில் எதுவும் இல்லை.

இரண்டாவது, சேமிப்பும் சேர்ந்த பாலிசி. 9 வருடம் கட்டிவிட்டு 2 வருடமாக விட்டுவிட்டார். முழுக் காப்பு இருக்காது, சரி. கட்டிய தவணைகளுக்கு ஏற்பக் குறைந்த தொகை, அதாவது பெய்ட்-அப் மதிப்பு, நாமினிக்கு வருமா? பாலிசி மேல் கடன் வாங்கியிருந்தால் வட்டியோடு கழித்துவிடுவார்களாமே, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

அப்புறம், "இப்போது பாக்கியைக் கட்டிப் புதுப்பித்துவிடலாம்" என்கிறார் ஒரு முகவர். இறந்தவர் பெயரில் என்ன புதுப்பிப்பு? எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் எழுத்துமூலம் க்ளெய்ம் கொடுத்துவிடலாமா? இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.