மறு: மரக்குழலில் ‘கட்’, ‘டேப்’, ‘ரோல்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்து மரபிசையைக் குழலில் வாசிப்பவர்கள் சுரத்துக்கு இடையே விரலால் செய்யும் சிறு அசைவுகளைக் கட், டேப், ரோல் என்றெல்லாம் சொல்கிறார்கள்; அந்தச் சொற்களுக்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இழை இது. வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். சிலவற்றோடு உடன்படுகிறேன், ஒன்றை மட்டும் வலுவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

> இவையெல்லாம் பாட்டுக்கு அழகு சேர்ப்பவைதானே? ‘அணிச்சுரம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அல்லது கமகம் என்றே சொல்லலாம். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதியது எதற்கு?

ஐயா, இவை அழகுக்காக வந்தவை அல்ல என்பதுதான் என் வாதம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பைப்பை, அதாவது காற்றுப்பை வைத்த பேக்பைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். வாய் பையை நிரப்புகிறது, அவ்வளவுதான். ஒலி எழுப்பும் சீவாளிக்குக் காற்று பையிலிருந்து போகிறது. வாசிக்கத் தொடங்கிவிட்டால் நடுவே ஒலியை நிறுத்த வழியில்லை; நாதஸ்வரக்காரர் துத்துகாரத்தால் செய்வதுபோல நாக்கால் சுரத்தைப் பிரிக்கவும் முடியாது. ஒரே சுரம் இரண்டு முறை வரவேண்டும் என்றால் என்ன செய்வது? ஒன்றும் செய்யாவிட்டால் இரண்டும் ஒட்டி ஒரே நீண்ட சுரமாகிவிடும். அதனால் இடையில் ஒரு விரலைக் கண நேரம் தூக்கி வைக்கிறார்கள் (கட்), அல்லது ஒரு துளையைக் கண நேரம் அடிக்கிறார்கள் (டேப்). சுரம் அறுபட்டு மீண்டும் தொடங்குகிறது. முதல் வேலை பிரிப்பது. அழகு பிறகு சேர்ந்துகொண்டது.

குழல் வாசிப்பவருக்கு நாக்கு இருக்கிறது, நிறுத்தவும் முடியும். ஆனாலும் ஸ்காட்லாந்துக் குழல்காரர்கள் பலர் பைப்பின் விரலையே குழலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் வியப்பும் இல்லை. பேட்டில்ஃபீல்ட் பேண்ட் என்ற ஸ்காட்லாந்து மரபிசைக் குழுவில் இருந்த டூகி பின்காக், இயன் மக்டானல்ட் போன்றவர்கள் பைப்பும் குழலும் இரண்டுமே வாசிப்பவர்கள். சுரங்களும் அப்படியே பொருந்துகின்றன. பைப்பில் எழுதப்படும் சுரங்கள், மேற்கத்தியப் பெயர்களில் சொன்னால், ஒன்பதே: கீழ் ஜி-யிலிருந்து மேல் ஏ வரை, நடுவில் சி-யும் எஃப்-பும் ஷார்ப் (அரைச்சுரம் உயர்ந்தவை). டி-யை அடிச்சுரமாகக் கொண்ட ஆறுதுளை மரக்குழலில் இந்த ஒன்பதும் சாவி (துளையைத் திறந்து மூடும் உலோக நெம்பு) எதுவும் இல்லாமலே விழும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோ கனவான்கள் ஒற்றைச் சாவிக் குழலை வைத்துக்கொண்டு வாசித்தார்கள். வில்லியம் மக்கிபன், ஜேம்ஸ் ஆஸ்வால்ட் போன்றோர் ஸ்காட்லாந்து மெட்டுகளைத் தொகுத்து அச்சிட்ட ஏடுகளில் ட்ரில் (இரு பக்கத்துச் சுரங்களை மாறிமாறி விரைவாக வாசிப்பது) குறிகள் உண்டு. அந்த ட்ரில்லை ‘அணி’ என்று தாராளமாகச் சொல்லலாம். வரவேற்பறை இசையின் சரக்கு அது. கட், டேப் வேறு வழியில் வந்தவை. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டால் இந்த வரலாறே அழிந்துபோகும்.

கமகம் ஏன் கூடாது என்பதற்கு ஒரே ஒரு இடத்தை விரல் விரலாகக் காட்டுகிறேன். குழலில் இ சுரம்: மேலிருந்து ஐந்து துளைகள் மூடியிருக்கும், ஆறாவது திறந்திருக்கும். கட் வேண்டும் என்றால் இடது மோதிர விரலைச் சட்டென்று தூக்கி அதே வேகத்தில் வைக்க வேண்டும். டேப் வேண்டும் என்றால் வலது மோதிர விரலால் ஆறாவது துளையை ஓர் அடி. இரண்டிலும் காதில் விழ வேண்டியது இ, மறுபடி இ. நடுவில் வந்தது என்ன சுரம் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டால் விரல் தாமதம் என்று அர்த்தம். ஆசிரியர்கள் திரும்பத் திரும்பத் திருத்துவது இதைத்தான். கமகத்தில் நாம் தேடுவது இதற்கு நேர்மாறானது: சுரத்துக்குச் சுரம் போகும் வழி, அசைவு, அதில் தெரியும் ராகம். இழையில் வந்த ‘அனுசுரம்’ (பக்கத்தில் தொட்டுச் செல்லும் சுரம்) என்ற முன்மொழிவுக்கும் இதே தடை. அங்கே தொடும் சுரத்துக்கு ராகத்தில் ஓர் இடம் உண்டு. இங்கே எந்த விரல் வேகமாக எழும்பும் என்பதே கணக்கு.

> டேப்-புக்கு ‘ஸ்புரிதம்’ பொருந்துமே?

அம்மா, இதுவரை வந்தவற்றில் மிக நெருங்கி வந்தது உங்கள் சொல்தான். சுரங்களை இரட்டித்துப் பாடும் ஜண்டை வரிசையில் ‘ரிரி’ பாடும்போது இரண்டாவது ரி கீழே உள்ள ஸ-வைத் தொட்டு அழுத்தத்தோடு எழும்புகிறது. கீழ்ச் சுரத்தைத் தொட்டு இரட்டிப்பைப் பிரிப்பது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஸ்புரிதம் குரலுக்கும் வீணைக்கும் பொதுவான இசைக் கருத்து. டேப் துளைமேல் விழும் அடி. இந்தச் சொல் கைவேலையைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் ‘தட்டு’ போதும். ‘விரலடி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது நாதஸ்வர உலகில் துரித பிருகா வாசிப்புக்கு ஏற்கெனவே வழங்கும் சொல். அதை இங்கே இழுத்துவந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ‘ஒற்று’-க்கும் இதே கதி. எழுத்தில் அழகாக இருக்கிறது, வாயில் ‘ஒத்து’ ஆகிவிடும். ஒத்து என்றால் சுருதிக் குழல். பைப்பில் விடாமல் ஒரே சுரம் ஒலிக்கும் ட்ரோன் குழல்களுக்கு அந்தச் சொல்லைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும்.

கட்-டுக்கு ‘வெட்டு’ என்றதும் அரிவாள் நினைவுக்கு வருகிறது என்று இருவர் வருந்தினார்கள். மின்னலும் வெட்டத்தானே செய்கிறது? மேலே சட்டென்று தோன்றி, என்னவென்று பார்ப்பதற்குள் மறைவது. கட் செய்வதும் அதுதான், அதோடு ஒலியை அறுக்கவும் செய்கிறது. ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு என்பதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை.

ரோல்-லுக்குத் தேடவே வேண்டாம். சுரம், வெட்டு, சுரம், தட்டு, சுரம் என்று ஒரே மூச்சில் புரள்வது அது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எட்டு இசைக்கரணங்களைச் சொல்லும் இடத்தில் ‘உருட்டல்’ இருக்கிறது. நரம்புக் கருவிக்கு உரியதுதான். ஆனாலும் கை செய்யும் தொழிலைச் சொல்லும் சொல் என்பதால் குழலுக்கும் தாங்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுச்சொல் வேண்டுமே என்ற கேள்விக்கு என் முன்மொழிவு: விரல்மெய். காரணம் பைப் மரபுக்குள்ளேயே இருக்கிறது. பழைய பைப்பர்கள் பாடத்தை எழுதிக் கொடுக்கவில்லை, பாடிக் கொடுத்தார்கள். அந்தப் பாடுமொழிக்கு ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக் மொழியில் ‘கான்டரக்’ என்று பெயர். பெரும்பாலும் அதில் உயிரெழுத்து மெட்டின் சுரத்தைக் காட்டும், மெய்யெழுத்து விரலின் வெட்டையும் தட்டையும் காட்டும். தனியே நிற்க முடியாமல் சுரத்தின் தலையில் ஏறிவரும் அந்த ஒலியை அவர்களே மெய்யாகத்தான் கேட்டிருக்கிறார்கள். உயிர்மெய் படித்து வளர்ந்த நமக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு சொல் கிடைக்காது. ‘மெய்’ என்றால் உண்மை, உடம்பு என்றெல்லாம் பொருள் வருமே என்று கேட்பீர்கள். ‘விரல்’ முன்னால் நிற்கும்போது அந்த மயக்கம் வராது.

கருவியின் பெயரையும் இப்போதே தீர்த்துவிடலாம். ‘மரப் புல்லாங்குழல்’ வேண்டாம். புல் என்பதே மூங்கிலைக் குறிக்கிறது, மூங்கிலையும் மரத்தையும் ஒரே பெயரில் அடைக்க முடியாது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் குழலுக்கு உரிய பொருள்களாக மூங்கிலோடு சந்தனம், செங்காலி, கருங்காலி, வெண்கலம் ஆகியவற்றையும் சொல்கிறார். ஆகவே ‘மரக்குழல்’ நமக்குப் புதிதல்ல. 1847இல் ஜெர்மானியக் குழல் செய்பவரான பேம் உருவாக்கிய உருளைத் துளை உலோகக் குழலிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கூம்புத்துளை மரக்குழல்’ என்று எழுதினால் போதும். தலைப்பக்கம் அகன்று அடிப்பக்கம் குறுகும் உள்வடிவம் அதில் வந்துவிடும்.

ஸ்ட்ராத்ஸ்பே என்னும் ஸ்காட்லாந்து நடன மெட்டின் நடையில் வரும் ஸ்னாப், அதாவது தாளம் விழும் இடத்தில் குறில் சுரம், அதை ஒட்டி நெடில் சுரம்: இதற்கு ‘சொடுக்கு’ என்ற முன்மொழிவை முழுமனதோடு ஆதரிக்கிறேன். கணினிக்காரர்கள் சுட்டிக்கு அதை எடுத்துக்கொண்டார்கள் என்பது தடையாகாது. இசைக் கட்டுரையில் யாரும் எலியைத் தேடமாட்டார்கள்.

இரண்டு சொற்கள் பாக்கி. கிரான்: குழலின் அடிச்சுரமான டி-யில் ஆறு துளையும் மூடியிருப்பதால் தட்டுவதற்குத் துளை இல்லை, வெவ்வேறு விரல்களால் அடுத்தடுத்து வெட்டித்தான் சுரத்தை உடைக்க வேண்டும். அயர்லாந்துப் பைப்பிலிருந்து வந்த வித்தை. ‘கொத்துவெட்டு’ என்று எழுதிப் பார்க்கிறேன், உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். பர்ல் இன்னும் சிக்கல். பைப்பில் கீழ் ஏ ஒலிக்கும்போது சுண்டுவிரல் கீழே உள்ள துளையை இரு முறை தொட்டு ஏ-யை மூன்றாக உடைக்கிறது. குழலில் அதே ஏ-க்கு இடது மோதிர விரல் மூன்றாவது துளையை இரு முறை தட்டுகிறது. ‘இரட்டைத்தட்டு’ என்று சொல்லிவிடலாம். ஆனால் பிடில்காரர்களும் பர்ல் என்கிறார்கள். அவர்களுக்கு அது வில்லின் வேலை, தட்டே கிடையாது. குழலுக்கும் பைப்புக்கும் மட்டும் இரட்டைத்தட்டு என்று வைத்துப் பிடிலுக்கு வேறு சொல் தேடலாமா, இல்லை மூன்றுக்கும் பர்ல் என்றே விட்டுவிடலாமா? வில் பிடித்துப் பழகியவர்கள் யாராவது இழையில் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்