தவம் செய்யும் பூனையைப் புதிய இடங்களில் வரைவது: வழி சொல்லுங்கள்

கேள்வி (ஓவிய ஆசிரியை):
வணக்கம். நான் ஏழாம் வகுப்பிற்கு ஓவியம் கற்பிக்கிறேன். மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசுப் பாறையில், பெரிய யானையின் அருகே முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பூனையை, பேருந்து நிலையம், மீன் சந்தை போன்ற இடங்களில் வரையச் சொன்னேன். பின்புலம் நன்றாக வந்தது. பூனைதான் பெரும்பாலான தாள்களில் வெறும் வீட்டுப் பூனையாகிவிட்டது. ஒரு மாணவி கழுத்தில் மணிகூடக் கட்டியிருக்கிறாள். அது சிற்பத்தின் பூனை என்று பார்த்தவுடன் தெரிய என்ன செய்யலாம்?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்):
அம்மா, அந்தப் பூனைக்கு அடையாளம் முகமன்று, நிற்கும் நிலைதான். ஒரு வகுப்பு முழுவதையும் அதற்கே ஒதுக்குங்கள். பிள்ளைகளையே எழுந்து கைகளை உயர்த்தி நிற்கச் சொன்னால், முதுகு நிமிர்வதையும் வயிறு உள்ளிழுத்துக்கொள்வதையும் தம் உடம்பிலேயே உணர்வார்கள். அதே பாறையில் கையுயர்த்தி ஒற்றைக் காலில் நிற்கும் தவசியையும் படத்தில் காட்டுங்கள். சிற்பி அந்த நிலையைத்தான் பூனைக்கும் கொடுத்திருக்கிறார். பிறகு கண், மீசை எதுவுமில்லாமல் நிழலுருவமாக வரைந்து, கெட்டி அட்டையில் வெட்டி, பின்புலத்தின் மேல் நகர்த்தி நகர்த்தி இடத்தை முடிவு செய்யட்டும்.

பதில் 2 (தமிழாசிரியை):
சிற்பத்தில் அந்தப் பூனையைச் சுற்றியிருக்கும் எலிகளை விட்டுவிடாதீர்கள். மகாபாரதத்தில், கங்கைக் கரையில் கைகளை உயர்த்தித் தவம் செய்வதாக நடித்த பூனையை நம்பி வந்த எலிகள் அதற்கே இரையாயின. ருத்திராட்சப் பூனை என்று நாம் சொல்வதும் இத்தகைய வேடதாரியைத்தான். எனவே எந்த இடத்தை வரைந்தாலும், அங்கே பூனையை நம்பி நிற்கும் எலி யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். மீன் சந்தை எளிது, பூனைக்கு வேண்டியது எதிரிலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்திற்குத்தான் அவர்கள் உண்மையில் யோசிக்க வேண்டியிருக்கும்.

பதில் 3:
பூனைக்கும் எலிகளுக்கும் மட்டும் கருங்கல்லின் சாம்பல் நிறத்தைக் கொடுத்து, போஸ்டர் கலரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் கல்லின் சொரசொரப்பு வரும். சுற்றிலும் வண்ணம் நிறைந்திருக்க, 7ஆம் நூற்றாண்டுப் பூனை தனித்துத் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த வகுப்பில் அட்டை வெட்டுவதிலிருந்து தொடங்குகிறேன். மணி கட்டிய மாணவியை அதை அழிக்கச் சொல்லப் போவதில்லை; அந்த மணியைப் பார்த்துத்தான் எலிகள் பூனையை நம்பினவா என்று அவளிடம் கேட்கப் போகிறேன்.