ஒரு இயர்போனை இன்னொன்று போல ஒலிக்க வைப்பது: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க

மண்டபம்:
ஈக்வலைசரால் (சுருக்கமா ஈக்யூ: ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியா ஏத்தி இறக்குறது) செய்யலாம். எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம்னு காட்டுற அளந்த கிராஃப் ரெண்டு செட்டுக்கும் வேணும், அதுவும் ஒரே அளவைக் கருவியில் எடுத்ததா இருக்கணும். ஒன்று ஒரு இணையதளத்தில், மற்றது வேறு இணையதளத்தில் எடுத்திருந்தா, கருவிகளுக்கு நடுவே இருக்கிற வித்தியாசத்தையும் சேர்த்துத் திருத்திடுவீங்க. 1 கிலோஹெர்ட்ஸில் ரெண்டு கோட்டையும் ஒட்ட வைங்க. வேணும்கிறதிலிருந்து இருக்கிறதைக் கழிங்க. 100 ஹெர்ட்ஸில் உங்களுது −2, ஆசைப்படுறது +3 என்றால் அங்கே 5 டெசிபல் ஏத்தணும்.

இதுக்கான ஆப்: விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட். ஏத்தினது 5 என்றால் பிரீஆம்ப் (மொத்த சத்தத்தையும் முன்கூட்டியே இறக்குற அளவு) −5. பக்கத்து பக்கத்து ஃபில்டர்கள் (ஒவ்வொரு இடத்திலும் ஏத்தி இறக்கினது) ஒன்றோடொன்று கூடி 7 வரைகூட போகலாம், அப்போ −7. அதை விட்டுட்டா தவில் அடி விழுற இடத்தில் கரகரன்னு உடையும், ஆனா பழி இயர்போன் மேல விழும்.

ஒப்பிடும்போது ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வாங்க. 1 டெசிபல் கூடினாலே காது அதைத்தான் நல்லதுங்கும்.

பாம்பன்:
அண்ணே, அதுக்கெல்லாம் முன்னாடி காதுக்குள்ள போற ரப்பர் முனையைப் பாருங்க. 40 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சுருதியில் நீளமா வர்ற ஓசை) போட்டு இயர்போனை விரலால் லேசா உள்ளே அழுத்துங்க. அடி ஓசை பொங்கி வந்தா காற்று கசியுது, ஒரு சைஸ் பெரிய ரப்பர் போடுங்க. கசிவை ஈக்யூவால் அடைக்க முடியாது: 10 டெசிபல் ஏத்தினாலும் தாடை அசைஞ்சதும் போயிடும். படகு எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பேஸ் செட் பண்ணவே கூடாது. எஞ்சின் உறுமல் கீழ் ஓசையை மூடும், கை தன்னால ஏத்திடும். கரைக்கு வந்து கேட்டா கீழ் ஓசை கனத்துக் கிடக்கும்.

கீழக்கரை:
நம்ம பக்கம் உப்புக்காத்தையும் கணக்கில் எடுங்க. இயர்போனில் ரப்பர் மாட்டுற குழாயின் வலையில் வேர்வையும் காதழுக்கும் சேர்ந்து படலம் கட்டினா ஒரு பக்கம் மட்டும் மங்கும். அதைப் பார்த்துட்டு ‘இடது பக்கம் +4’ன்னு ஈக்யூ போடுறவங்க உண்டு. இடது இயர்போனை வலது காதிலும், வலதை இடது காதிலும் மாத்தி மாட்டிப் பாருங்க. குறை இயர்போனோட போனா வலையில் கோளாறு, அதே காதிலேயே நின்னா ரப்பரோ காதோ. வெளிச்சத்தில் பிடிச்சா வலைக்கண் அடைஞ்சிருக்கிறது தெரியும். ஊசி போடாதீங்க, வலை கிழியும். குழாயைக் கீழே பார்க்க வைத்துக் காய்ந்த மெல்லிய பிரஷ், பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட ஒரு ராத்திரி டப்பாவில். ஜாக் பச்சை பிடிச்சிருந்தா அதைத் துடைச்ச பிறகே கிராஃபைத் தொடுங்க.

தொண்டி:
காக்கா, கிராஃபில் 8 கிலோஹெர்ட்ஸ்கிட்ட பெரிய மேடு காட்டுதே, அதை வெட்டிடலாமா?

மண்டபம்:
கண்ணை மூடிக்கிட்டு வெட்டாதீங்க தம்பி. இயர்போன் அளக்கிற செயற்கைக் காதுக் குழாயின் சொந்த ஒத்திசைவு அந்த இடத்தில்தான் வரும். உங்க காதில் ஆழம் மாறினா மேடு 6க்கும் வரலாம், 9க்கும் போகலாம். சத்தத்தை நல்லா குறைச்சு, 5லிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவா டோனை ஓட்டுங்க. எங்கே குத்துதோ அதைக் குறிச்சு, ரப்பரை எடுத்துத் திரும்ப மாட்டி மறுபடி ஓட்டுங்க. ரெண்டு தடவையும் ஒரே இடம் என்றால் கியூ (ஃபில்டரின் அகலம், எண் கூடினா குறுகும்) 4 வைத்து −3 போதும். பள்ளங்களை நிரப்பப் போகாதீங்க. 6 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே நெருக்கமா ஒத்துப்போகும், மேலே தோராயம்தான்.

தொண்டி:
நாதஸ்வரம் கேட்டா 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வலிக்குது.

மண்டபம்:
அது வேற. திறந்த காதில் காதுக்குழாயே அங்கே தூக்கும், இயர்போன் அடைச்சா அது போயிடும். அதனால நல்ல இயர்போனிலும் அங்கே மேடு இருக்கும், இருக்கவும் வேணும். தட்டையாக்கினா குரல் போர்வைக்குள்ள போன மாதிரி ஆயிடும். கியூ 1.4, −2ல் ஆரம்பிங்க.

ராமேஸ்வரம்:
ப்ளூடூத் செட்டில் நாய்ஸ் கேன்சலை ஆன் பண்ணினா பல மாடலில் ஒலியே மாறும். ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு ஒன்றுன்னு தனித்தனி ப்ரொஃபைல் வைங்க. கம்பெனி ஆப்பில் இருக்கிற ஈக்யூ ஓடிக்கிட்டிருந்தா முதல்ல அதை அணைங்க, ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு ஏறும்.