'இன்ஸ்டன்ஸ்' – மன்றா, ஊரா, சேவையகமா?

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். ஞாயிறு காலை நூலகத்தில் மாஸ்டடான் வகுப்பு; தனித்தனித் தளங்கள் பல இணைந்து இயங்கும் சமூக வலைத்தளம் அது. கைப்பிரதியை நாளை இரவு அச்சுக்குத் தரவேண்டும். நாம் கணக்குத் தொடங்கும் அந்தத் தனித்தளத்தை 'இன்ஸ்டன்ஸ்' என்கிறார்கள். அதற்கு 'நிகழ்வு' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த ஆசிரியர், "நிகழ்வு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டார். வேறு சொல் தாருங்கள்.

உதகையிலிருந்து:
மன்று. சங்க நூல்களில் ஊரார் மரத்தடியில் கூடுமிடம் மன்றம். தோடர் குடியிருப்பை மந்து என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். ஒத்தைக்கல்மந்துதான் உதகமண்டலம் ஆனது என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு மந்தும் தனி. ஆனால் சாவுக்கும் சடங்குக்கும் மந்து விட்டு மந்து போவார்கள். இந்த வலையமைப்பும் அப்படித்தானே? மன்றுகள் சேர்ந்த முழு வலையமைப்பு மன்றவெளி.

குன்னூரிலிருந்து:
வேர் சரி. ஆனால் மன்றம் என்றால் இன்று ரசிகர் மன்றம்தான் நினைவுக்கு வரும். தவிர, மாஸ்டடான் 2016இல் வந்தது. இத்தளங்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் ஆக்டிவிட்டிபப் 2018இல் பொது நெறிமுறையான பின் படத்துக்குப் பிக்சல்ஃபெட், காணொளிக்குப் பியர்டியூப் எல்லாம் அதே நெறிமுறையில்தான் இயங்குகின்றன. படம் மாட்டுகிற இடத்தை மன்று என்பதா? 'சர்வர்' போதும்.

கோத்தகிரியிலிருந்து:
போன வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். இலை பறிக்கிற அக்கா ஒருவர், "ஓட்டல் சர்வரா?" என்றார். அப்புறம் கரும்பலகையில் @மலர்@கோத்தகிரி, @மலர்@குன்னூர் என்று எழுதினேன். "ஓ, அவ வேற மலர், இவ வேற மலர், ரெண்டு பேரும் பேசிக்கலாம்" என்று அவரே விளக்கிவிட்டார். பேசாமல் 'ஊர்' என்றே வைத்தால் என்ன?

குன்னூரிலிருந்து:
நல்ல சொல். குடிபெயர்வதும் பொருந்துகிறது: கணக்கை மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் பழைய ஊரிலேயே தங்கிவிடும்.

கூடலூரிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. ஒரு சேவையகம், அதாவது சர்வர், இன்னொன்றைத் தடுக்கும்போது 'ஊர் விலக்கு' என்றா எழுதுவீர்கள்? ஊர் என்றால் சேரியைத் தள்ளி வைத்த இடம் என்று அனுபவித்தவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். விளக்கும்போது உவமையாகச் சொல்லுங்கள், கலைச்சொல்லாக அச்சேற்றாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து:
இதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி. மூன்று பேர் தனிமடலில் 'சேவையகம்' என்கிறார்கள். அதையே போடுகிறேன், பக்கத்திலேயே அந்த இரண்டு மலர்களின் முகவரியும் இருக்கும்.

உதகையிலிருந்து:
அச்சுக்குச் சரி. ஆனால் சேவையகம் என்பது இயந்திரத்தின் பெயர். நாம் தேடியது அங்கே கூடுகிற மனிதர்களுக்கான பெயர். நான் மன்று என்றே எழுதுவேன்.