புதுப்பிப்பு: சில்வர் கிளவுட், சில்வர் ஷேடோ - எது வாங்கலாம்?

போன முறை ரோல்ஸ் ராய்ஸின் இந்த இரண்டு கார்களையும் ஒப்பிட்டு, சேகரிப்பவருக்குக் கிளவுட்தான் என்று எழுதியிருந்தேன். "ஷேடோ ஏன் இவ்வளவு மலிவு, அதை வாங்கினால் என்ன?" என்று பலர் கேட்டார்கள்.

முதல் காரணம் எண்ணிக்கை. 1955 முதல் 1966 வரை வந்த கிளவுட் 8,000-க்கும் குறைவு. 1965-இல் வந்த ஷேடோவோ, நீள வடிவங்களையும் சேர்த்தால் சுமார் 30,000.

மற்றது பராமரிப்பு. கிளவுடுக்கு உடலைத் தாங்கத் தனிச் சட்டம் (சேசிஸ்), நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழைய மெக்கானிக்கே சமாளித்துவிடுவார். ஷேடோவில் உடலே சட்டம். அடிப்பக்கம் துருப்பிடித்தால் செலவு எகிறும். போதாததற்கு, பிரேக்கை இயக்க, பிரெஞ்சு கார் நிறுவனமான சித்ரோயனின் உரிமத்தில் வந்த உயர் அழுத்த ஹைட்ராலிக் அமைப்பு வேறு. அதற்கு ஆர்ஆர் 363 என்ற பிரேக் திரவம் மட்டும்தான். ஷேடோவுக்குப் பின்னால் வந்த சில்வர் ஸ்பிரிட் காரின் மினரல் ஆயிலை ஊற்றினால் சீல்கள் எல்லாம் போச்சு!

ஷேடோவைப் பார்க்கப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள்: எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருங்கள். நாலைந்து மிதியிலேயே எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அழுத்தம் சேமிக்கும் நைட்ரஜன் உருண்டைகள் சோர்ந்துவிட்டன. விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

அழகுக்குக் கிளவுட் என்பதில் மாற்றமில்லை. ஆனால் தினமும் ஓட்ட, டிஸ்க் பிரேக்கும் சொகுசும் உள்ள ஷேடோவே மேல். 1977-க்குப் பிந்தைய ஷேடோ 2 என்றால் ஸ்டியரிங்கும் இன்னும் துல்லியம். சர்வீஸ் ரசீதுகள் இல்லாத வண்டியை மட்டும் தொடாதீர்கள்.